பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? முதலில் பாயைத் தூக்கிப் பாருங்கள்!

போன மாதம் ஒரு நாள் ராத்திரி என் நாத்தனாரிடமிருந்து ஃபோன். கும்பகோணத்தில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே கேரியர் சாப்பாடு போட்டுக் கொடுக்கிறாள். பத்து கேரியரில் ஆரம்பித்தது, இப்போது நாற்பதாகிவிட்டது. ஆட்டோக்காரருக்குக் கொடுத்தே கட்டுப்படியாகவில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு பழைய ஆம்னி வேன் விலைக்கு வந்திருக்கு. சீட்டுப் பணத்தை எடுத்தா சரியா இருக்கும். காலையில கேரியர், சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன், ஞாயித்துக்கிழமைன்னா கோயில் குளம்... எல்லாத்துக்கும் ஆச்சு. பெயின்ட் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. என்ன சொல்றீங்க?"

"பெயின்ட் இருக்கட்டும். பாயைத் தூக்கிப் பார்த்தியா?"

"எந்தப் பாயை?"

"வண்டிக்குள்ள தரையில ரப்பர் பாய் விரிச்சிருப்பாங்களே, அதைத்தான்!"

"அதெல்லாம் அவர் பார்த்துப்பார் அண்ணி. மெக்கானிக் வேலையைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

அந்தக் கடைசி வரிதான் என்னை இந்த இதழில் இதை எழுத வைத்தது. ஏனென்றால் பல வருஷங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொன்னவள்தான்!

எங்கள் வீட்டில் நடந்தது

அப்போது எங்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. இவர் வாங்கினார், நான் வாசலில் கோலம் போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து வரவேற்றதோடு சரி. மார்கழி மாதம் குடும்பத்தோடு பழனிக்குப் புறப்பட்டோம். விடியற்காலைக் குளிர். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டோம். ஒரு மணி நேரம் ஆகவில்லை, பெண்ணுக்குத் தலைவலி. அப்புறம் வாந்தி. பையனும் சோர்ந்து சாய்ந்துவிட்டான். எனக்கும் தலை கிறுகிறு என்றது. டீ குடிக்க இறங்கினால் எல்லோரும் தெளிந்துவிடுவோம். மறுபடி ஏறினால் பழைய கதைதான்.

"இந்தப் பொண்ணுக்கு வண்டியே ஒத்துக்காது" என்று மாமியார் சொன்னார். நானும் நம்பினேன். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், மாத்திரை என்று நாலு மாதம் ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள் வண்டி சர்வீசுக்குப் போனது. வயதான மெக்கானிக் ஒருவர் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்: "ஏம்மா, வண்டிக்குள்ள உட்கார்ந்தா யாருக்காவது தலை வலிக்குதா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. இன்ஜினிலிருந்து புகை வெளியே போகும் குழாயின் இணைப்பில் கேஸ்கெட் உடைந்திருந்தது. சீட்டுக்கு அடியில் இன்ஜினை மூடுகிற மூடியின் ரப்பரும் கிழிந்திருந்தது. பின்பக்கம் போக வேண்டிய புகையில் ஒரு பங்கு எங்கள் மூக்குக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது! சரிசெய்ய ஆன செலவு, நான் வாங்கிய மாத்திரைச் செலவைவிடக் குறைவு. அதற்கப்புறம் என் பெண்ணுக்கு எந்த வண்டியும் ஒத்துக்கொண்டது.

சகோதரிகளே, வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. நாம் மூச்சில் இழுத்தால், ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சமாக இருந்தால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், சோர்வு. அதிகமானால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்து. குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், வயிற்றில் இருக்கும் சிசுவையும் இது மற்றவர்களைவிட அதிகமாகத் தாக்கும். வண்டியில் ஏறியதும் ஒருவருக்கு மட்டுமல்ல, பலருக்கும் தலை வலித்து, இறங்கிக் காற்றாட நின்றதும் தெளிகிறது என்றால், அது வயிற்றுக் கோளாறு அல்ல. வண்டிக் கோளாறு என்று சந்தேகப்படுங்கள். உடனே நிறுத்தி எல்லோரும் இறங்குங்கள். சரிசெய்யாமல் மறுபடி ஏற வேண்டாம். மயக்கமோ, தெளியாத தலைவலியோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "வண்டிப் புகை" என்று சொல்லுங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த வண்டியில் குழந்தைகளோடு உட்காரப் போவது நாம். வாங்கும்போது நாமும் பார்க்க வேண்டும். கண், மூக்கு, காது, கை, இந்த நாலும் போதும். சமையலறையில் தினம் பயன்படுத்துவதுதானே!

இந்த ஆம்னி எப்படிப்பட்ட வண்டி?

1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு 'ஆம்னி' என்று பெயர் மாறிய வண்டி இது. 796 சி.சி. பெட்ரோல் இன்ஜின், மூன்று சிலிண்டர். இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில். இழுப்பதோ பின் சக்கரங்கள். பக்கவாட்டில் தள்ளுகிற கதவு. உதிரி பாகங்கள் சிறிய ஊரில்கூடக் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் உண்டு. அதனால்தான் இன்னும் மவுசு குறையவில்லை. ஆனால் புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றபடி மாற்ற முடியாததால் 2019-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இப்போது கிடைப்பது எல்லாமே வயதான வண்டிதான். கீழே நான் சொல்லும் கோளாறுகள் கம்பெனியின் குற்றமல்ல. வயதும் கவனிப்பின்மையும் சேர்ந்து கொண்டுவருபவை. வேறு கம்பெனி சிறிய வேன் வாங்கினாலும் பெரும்பாலும் இதே சோதனைகள்தான்.

காலையில் போங்கள், சொல்லிவிட்டுப் போங்கள்

முதல் நாளே விற்பவரிடம், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். போனதும் சீட்டைத் தூக்கச் சொல்லி, இன்ஜின் அருகே கையைக் காட்டிப் பாருங்கள். தோசைக்கல் காய்ந்ததா என்று கையை மேலே காட்டிப் பார்ப்போமே, அப்படி! அனல் அடித்தால், நமக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

தரையும் துருவும்

மழைத் தண்ணீர், ஈரக் கால், கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று, இவை எல்லாம் முதலில் தின்பது வேனின் தரையைத்தான். பாயை முழுக்கத் தூக்குங்கள். கட்டை விரலால் அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. துருப்பிடித்தது அப்பளம் மாதிரி நொறுங்கும். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டுகிற மாதிரிதான். 'ணங்' என்றால் சரி, 'பொத்' என்றால் சந்தேகம். தள்ளுகதவு ஓடுகிற கீழ்த் தடம், கதவு நிலைக்குக் கீழ்ப்பக்கம், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, பேட்டரி உட்காரும் இடம், இந்த நாலையும் விடாதீர்கள்.

வண்டிக்கு அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை மறைக்கப் பூசினார்கள் என்று பார்க்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு மெல்லிய துணியில் சுற்றி, பாடியில் அங்கங்கே வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும். பட்டி பார்த்து மேலே பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாமல் வழுக்கி விழும். ஏதோ இடித்திருக்கிறது அல்லது துருப்பிடித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

எண்ணெயும் தண்ணீரும்

இன்ஜின் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை. கீல் மாதிரி கெட்டியாக இருந்தால், காலாகாலத்தில் ஆயில் மாற்றாத வண்டி. பால் விட்ட காபி மாதிரி வெளுத்து நுரைத்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், செலவு பெரிது.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறக்கச் சொல்லுங்கள். சூட்டில் திறந்தால் குக்கர் மூடியை ஆவியோடு திறந்த கதிதான், முகம் வெந்துபோகும். உள்ளே தண்ணீர் துருநிறமாக இருக்கக் கூடாது, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது.

இன்ஜினுக்குள் 'டைமிங் பெல்ட்' என்று பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று இருக்கிறது. அது அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில் கேளுங்கள். பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

புகை சொல்லும் சேதி

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால், சற்றுத் தள்ளி நில்லுங்கள். குளிர் காலையில் சற்று நேரம் வெள்ளையாக ஆவி வந்து நின்றுபோனால் கவலையில்லை. நிற்காமல் அடர்த்தியான வெண்புகை வந்தால் உள்ளே தண்ணீர் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, இன்ஜின் தேய்ந்திருக்கிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. இது பெரும்பாலும் டியூனிங்கில் சரியாகும்.

அப்படியே கதவுகளைத் திறந்து வைத்து, சீட்டுக்கு அருகில் காது கொடுங்கள். 'புஸ் புஸ்' என்று காற்றுக் கசியும் சத்தம் வருகிறதா? இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, சைலன்சர் குழாய் இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் முழுசாக இருக்கிறதா? தரையில் ஓட்டை, பின் கதவின் ரப்பரில் கிழிசல், இவை வழியாகவும் புகை உள்ளே வரும். சோதனை செய்கிறேன் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவும் கூடாது. பெட்ரோல் வாசனை அடித்தால், விரிசல் விட்ட பெட்ரோல் ட்யூப் எங்கோ இருக்கிறது. சீட்டுக்கு அடியில் சூடான இன்ஜின் இருக்கும் வண்டியில் அது நெருப்பு விஷயம்.

பிறகு ஒரு கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடட்டும். வெப்பம் காட்டும் முள் நடுவில் வந்து நிற்க வேண்டும். மேலே ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டரிலோ தண்ணீர் பம்பிலோ கோளாறு. நம் ஊர் வெயிலில், சுமையோடு போகும் பழைய வேனுக்கு முதலில் வருகிற நோயே இந்தச் சூடுதான்.

பிரேக், ஸ்டீயரிங், டயர்

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பிரேக்கைச் சோதிக்கலாம். பெடலை அழுத்தி, முப்பது எண்ணும் வரை அப்படியே பிடியுங்கள். கல் மாதிரி நிற்க வேண்டும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் பிரேக் எண்ணெய் கசிகிறது. சக்கரங்களின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரு சரிவில் நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் அதிகம் ஆடினால் உள்ளே தேய்மானம். டயரின் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தாலும் அதே கதை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும், வயதான ரப்பரில் வெடிப்பு இருந்தால் நம்ப வேண்டாம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பத்தடி பின்னால் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பின்னால் உள்ள ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடைந்தோ தளர்ந்தோ இருக்கும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி என்பதற்கு அது சாட்சி.

ஓட்டிப் பார்க்கும்போது

ரேடியோவை அணைத்துவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புறப்படும்போது அடியில் 'டக்' என்றால் பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் இணைப்பு தேய்ந்திருக்கிறது. வேகம் ஏற ஏற 'ஊ...' என்று பின்னாலிருந்து ஊளையிட்டால் பின் அச்சில் தேய்மானம். மேட்டில் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. போட்ட கியர் தானாக விடுபடக் கூடாது. காலியான ரோட்டில், மெதுவாகப் போகும்போது பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும்.

மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது, ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால், எதை நம்புவது? ரப்பரைத்தான்!

குழந்தைகளுக்காக இரண்டு விஷயம்

தள்ளுகதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நாலைந்து தடவை திறந்து மூடுங்கள். மூடியபின் பலமாக இழுத்துப் பாருங்கள். உருளை தேய்ந்த கதவு பாதியில் சிக்கும். கொக்கி தேய்ந்த கதவு ஓடும்போது திறந்துகொள்ளும். பின் சீட்டில் பெல்ட் இருக்கிறதா, பூட்டினால் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வேனுக்கு முன்னால் 'பானெட்' கிடையாது. மோதினால் முதலில் அடி விழுவது முன் சீட்டுக்குத்தான். ஆகவே மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்னால் உட்காரும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

கேஸில் ஓடும் வண்டி என்றால், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். டாங்கின் சோதனைச் சான்று காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டுகிற வண்டி என்றால் ஒரு பேச்சும் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். சட்டப்படி தப்பு, அதைவிட, அது வண்டியல்ல, வெடிகுண்டு.

பேப்பர்

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். கடன் பாக்கி இருந்தால், அடைத்த கடிதம் கையில் வந்த பிறகே பணம். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷம்தான். பிறகு சோதனை செய்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்குச் செலவும் உண்டு. 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்தாகி உங்கள் பெயருக்கு மாறும்வரை ஓயாதீர்கள். வியாபாரத்துக்கோ, பள்ளிக் குழந்தைகளைக் கட்டணத்துக்கு ஏற்றவோ போகிறீர்கள் என்றால், அதற்கு வேறு பதிவும் வேறு இன்ஷூரன்சும் தேவைப்படும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்குப் பேரம், எதற்குக் கும்பிடு?

எல்லாக் குறைக்கும் பயந்தால் பழைய வண்டியே வாங்க முடியாது. டயர், பேட்டரி, கிளட்ச், பெல்ட், ஸ்பிரிங் பட்டை, கதவு உருளை, இவை எல்லாம் பேரத்துக்கு உரியவை. மெக்கானிக்கிடம் என்ன செலவாகும் என்று கேட்டு அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிரேக், ஸ்டீயரிங், புகைக் கசிவு, பெட்ரோல் கசிவு, இவற்றைச் சரிசெய்து காட்டிய பிறகே வண்டி உங்கள் வாசலுக்கு வர வேண்டும். தரையும் சேசிசும் துருவில் போனது, ஆயிலில் தண்ணீர் கலந்தது, நம்பர் ஒத்துவராதது, இந்த மூன்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் பார்த்துத் திருப்தியான வண்டியை, விற்பவரின் மெக்கானிக்கிடம் அல்ல, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மேலே தூக்கிக் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

நாத்தனார் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? மறுநாள் காலையிலேயே கைப்பையில் காந்தத்தோடு போயிருக்கிறாள். பாயைத் தூக்கி விரலை வைத்ததும் தகடு உள்ளே போய்விட்டதாம்! "அண்ணி, அந்த ஓட்டை வழியா ரோடு தெரிஞ்சுது" என்றாள். புரோக்கருக்கு முகம் சிறுத்துப் போயிற்று. மூன்று வாரம் கழித்து வேறொரு ஆம்னி கிடைத்தது. பெயின்ட் மங்கல், பின் கதவில் ஒரு நசுங்கல். ஆனால் தரை கெட்டி, புகை சுத்தம், சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைலில். டயரையும் டைமிங் பெல்ட்டையும் சொல்லி விலையைக் குறைத்து வாங்கியிருக்கிறாள். பேரம் பேசியது அவள்தான். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்!